அசையாமல் நின்ற போர்மேன்

பட்டாசுக் கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது வெடிமருந்து கலக்குவதை அல்ல, ஓடுவதை. சத்தம் கேட்டால் என்ன ஏது என்று பார்க்காதே. யாரையும் தேடாதே. செருப்பை எடுக்கப் போகாதே. உனக்கு எந்த வாசல் பக்கமோ அந்த வழியாக வெளியே ஓடு. வெளியே நிற்கும் வேப்பமரத்தடிக்குப் போன பிறகுதான் திரும்பிப் பார்க்க வேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த என்னால் ஒரு நாள் ஓட முடியாமல் போனது. நாலு நாளாக மழை. மழையில் மருந்து வேலை கிடையாது என்பதால் வீட்டில் இருக்கிறேன். அந்தக் கதையை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதுகூடச் சரியில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. மருந்து கலந்து கொடுத்து வேலையாட்களை மேற்பார்க்கிற போர்மேனுக்குப் பயம் இருப்பது நல்லதுதான், ஆனால் என்னிடம் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. தீபாவளியன்று என் மனைவி முத்துலட்சுமி வாசலில் சரவெடி போடும்போது நான் உள்ளறையில் இருப்பேன். விருதுநகரில் எங்கள் தெருவே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

முப்பது வயதில் ஆரம்பித்தது. இடுப்புக்குக் கீழே, பிட்டத்துக்குள் ஒரு வலி. ஒரு வாரம் இடப்பக்கம், மறு வாரம் வலப்பக்கம். காலையில் எழுந்தால் முதுகு பலகையாக இருக்கும். பல் தேய்த்துவிட்டுக் குனிந்து துப்ப முடியாது. குதிகாலில் முள் குத்துகிற மாதிரி வலி வேறு. கம்பெனிக்குள் செருப்புப் போடக் கூடாது என்பதால் வெறுங்காலோடு ஒவ்வோர் அடியையும் யோசித்துத்தான் வைப்பேன். முத்துலட்சுமி செங்கல்லைச் சுட வைத்து, மேலே எருக்கிலையைப் பரப்பி, என் குதிகாலை அதில் அழுத்தி வைப்பாள். கொஞ்சம் கேட்கும். பத்து மணி வாக்கில் உடம்பு தானாகவே இளகிவிடும். மதியம் நான் நடப்பதைப் பார்க்கிறவர்கள் காலையில் நான் பட்ட பாட்டை நம்பமாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் 'சீசன் அலுப்பு' என்று ஒன்று உண்டு. ஆடி தொடங்கி தீபாவளி வரை நிற்க நேரமில்லாமல் வேலை ஓடும். தீபாவளி முடிந்ததும் கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள். அதன் பிறகு எல்லோருக்கும் கை கால் வலிக்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் படுத்துக் கிடப்பார்கள். எனக்கும் அப்போதுதான் வலி உச்சத்துக்குப் போகும். சீசனில் உழைத்ததற்கு உடம்பு இப்போது பழி வாங்குகிறது என்று நானும் நினைத்தேன், வீட்டிலும் நினைத்தார்கள். இரண்டு வருடம் இதே கதை. மூன்றாம் வருடம் நான் கட்டிலை விட்டே இறங்கக் கூடாது என்று முத்துலட்சுமி சட்டம் போட்டாள். சாப்பாடு கட்டிலுக்கே வந்தது.

தை மாதம் பூஜை போட்டுக் கம்பெனியைத் திறந்தார்கள். நாலாவது நாள் காலை அது நடந்தது. விருதுநகரிலிருந்து முக்கால் மணி நேரம் வேனில் உட்கார்ந்து போக வேண்டும். இறங்கும்போது உடம்பு வேன் சீட்டின் வடிவத்திலேயே இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வேன். மருந்து கலக்குவது வெயில் ஏறுவதற்கு முன்னால்தான். என் உடம்பு மிக மோசமாக இருக்கிற அந்த நேரத்தில்தான் என் கையில் மருந்து இருக்கும். அன்று கலந்த மருந்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு, அதை வெடிகளுக்குள் செலுத்துகிற ரூமுக்குப் போனேன். உள்ளே மூன்று பெண்கள். மூத்தவள் சண்முகத்தாய். ரூமுக்கு எதிரெதிரே இரண்டு வாசல். நான் ஒரு வாசலில் தட்டோடு நின்றபோது பெரிய சத்தம் கேட்டது.

இரண்டு பெண்கள் எதிர் வாசலில் பாய்ந்துவிட்டார்கள். நான் நின்ற வாசல்தான் சண்முகத்தாய் வெளியே ஓட வேண்டிய வாசல். அவள் என்னை நோக்கி இரண்டு எட்டு வந்தாள். நான் நகரவில்லை. திரும்பி எதிர் வாசலுக்கு ஓடினாள். கால்களுக்கு நான் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். அவை கேட்கவில்லை. இடுப்பு பூட்டிக்கொண்டது. தட்டைப் போட்டால் உரசலில் அதுவே வெடிக்கும், பிடித்துக்கொண்டு நின்றாலும் சாவு. முத்துலட்சுமியை நினைத்தேன் என்று சொல்ல ஆசைதான். யாரையும் நினைக்கவில்லை. தரையில் போட்டிருந்த ரப்பர் விரிப்பின் கிழிந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லோடு ஏற்ற வந்த வண்டியின் டயர் வெடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

வேப்பமரத்தடியிலிருந்து எல்லோரும் திரும்பி வந்தார்கள். நான் அதே இடத்தில் அதே தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"போர்மேன் அண்ணாச்சி அசையவே இல்லையே, பாத்தீகளா?" என்றாள் ஒருத்தி. "தட்டு மட்டும் கீழ விழுந்திருந்தா என்னத்துக்கு ஆகும்? எம்புட்டு தைரியம் வேணும்."

முதலாளி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். சாயங்காலம் வேனில் எனக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார்கள். பட்டாசுச் சத்தத்துக்கு உள்ளறையில் ஒளிகிறவனுக்கு இந்தப் பெயர். இல்லை, என்னால் ஓட முடியவில்லை என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் போர்மேன் வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. பாராட்டு நன்றாக இருந்தது என்பது இன்னொன்று. அதன் பிறகும் இரண்டு மாதம் அதே ரூமுக்குத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சண்முகத்தாய் சொன்னாள்: "இனிமே சத்தம் கேட்டா நாங்க ஒங்களத்தான் பாப்போம் அண்ணாச்சி. நீங்க ஓடுனா ஓடுவோம், நீங்க நின்னா நிப்போம். சும்மா சும்மா ஓடி விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டு எதுக்கு?"

நிஜமாகவே ஒரு நாள் நெருப்பு வரும். நான் பூட்டிக்கொண்டு நிற்பேன். என்னைப் பார்த்து அவர்களும் நிற்பார்கள். மறுநாள் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டேன்.

ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் விலகியிருக்கிறது என்றார்கள். பத்து நாள் சேர்த்துக்கொண்டார்கள். இடுப்பில் பெல்ட் கட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு இழுப்பார்கள். அசையக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும். முத்துலட்சுமி வீட்டிலிருந்து இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி ஆட்டோவில் கொண்டுவந்தாள். தலையணை ஒன்று போதாது என்று மூன்று வைத்தாள். நான் திரும்ப வேண்டுமென்றால் அவளே தோளுக்கடியில் கை கொடுத்துத் திருப்பிவிடுவாள். இட்லியைப் பிய்த்து வாயில் வைப்பாள். இத்தனை பரிவுக்கும் நடுவில் ஒவ்வொரு காலையும் முந்தின காலையை விட மோசமாக விடிந்தது. ஏழாம் நாள், தும்மல் வந்தபோது விலா எலும்பு விரிய மறுத்தது. மூச்சு பாதியில் நின்றது. இனி எழுந்திருக்கவே மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். அவள் பாத்ரூம் போனபோது சுவரைப் பார்த்து அழுதேன்.

பில்லை முத்துலட்சுமி சின்னதாக மடித்து மூக்குத்தி டப்பாவுக்குள் வைத்தாள். டப்பாவில் மூக்குத்தி இல்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த டாக்டரே, "எனக்கும் ஒண்ணும் பிடிபடல. மதுரையில மூட்டு வியாதிக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காங்க, காட்டிருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த நேர்மைக்கு அவரை நான் இன்றும் கும்பிடுகிறேன்.

மதுரையில் காத்திருந்தது மூன்று மணி நேரம். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். அவர் தலை நெஞ்சை நோக்கிக் கவிழ்ந்து அப்படியே நின்றுவிட்டிருந்தது. முகத்தைத் தூக்க முடியாது. தரையைத்தான் பார்க்க முடியும். அருப்புக்கோட்டைப் பக்கம் நூல் வியாபாரமாம்.

"காலு வெரலு நடுங்குது தம்பிக்கு" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. "மொத தடவையா வந்திருக்கீக?"

"ஆமா."

"நான் பதினஞ்சு வருசம் வாய்வுன்னு சொல்லிப் படுத்தே கெடந்தேன். ரெண்டு தலகாணி வச்சு, சொகமா. கழுத்து அந்தத் தலகாணி மேனிக்கே நின்னு போச்சு. பேரப்பிள்ளைகளப் பாக்கணும்னா அதுக கீழ வந்து உக்காரணும்."

அவருக்கு இரண்டு, எனக்கு மூன்று தலையணை. என் பக்கத்தில் இருந்த முத்துலட்சுமி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளும் அதையேதான் எண்ணியிருக்கிறாள்.

டாக்டரம்மா வலி எங்கே என்று கேட்கவில்லை. எப்போது என்று கேட்டார்.

"காலையில டாக்டர். அப்புறம் லீவுல."

"வேலை ரொம்ப அதிகமா இருக்கும்போது?"

"சீசன்ல வலி தெரியாது. அலுப்பெல்லாம் தீபாவளிக்குப் பெறகுதான் வெளிய வரும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஓடியாடி வேலை பாக்கும்போது வலி இல்ல. படுத்தா வலி. ஆஸ்பத்திரில பத்து நாள் படுத்ததும் ரொம்ப வலி. அப்ப இது அலுப்பா?"

மூன்று வருடமாக எங்கள் தெருவில், கம்பெனியில் ஒருத்தருக்கும் தோன்றாத கேள்வி அது. சீசன் அலுப்பு என்ற சொல் கையில் இருந்ததால் நாங்கள் வேறு எதையும் யோசிக்கவில்லை.

இடுப்பில் பேனாவால் இரண்டு கோடு போட்டார். தையல்காரர் டேப்பை வைத்து, குனியச் சொன்னார். குனியும்போது முதுகெலும்பு விரிந்து கோடுகள் விலக வேண்டுமாம். என்னுடையவை விலகினதாகவே தெரியவில்லை. நெஞ்சைச் சுற்றி டேப்பைப் பிடித்து மூச்சை இழுக்கச் சொன்னார். அதிலும் ஃபெயில். சுவரில் குதிகாலை ஒட்டி நிற்கச் சொன்னார். என் பின்னந்தலை சுவரைத் தொடவில்லை. நடுவில் இரண்டு விரல் போனது. தொடவில்லை என்பதே எனக்குத் தெரியாது. நான் நேராக நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரத்தம் எடுத்து, எச்எல்ஏ பி-27 என்ற சோதனைக்காகச் சென்னைக்கு அனுப்பினார்கள். அது பிறவியிலேயே உடம்பில் இருக்கிற ஓர் அடையாளம். இருந்தாலே நோய் என்று அர்த்தமில்லை, ஆனால் இந்த நோய்க்காரர்கள் நிறையப் பேருக்கு அது இருக்கும். அன்றைக்கே எம்ஆர்ஐ ஸ்கேனும் எடுத்தார்கள். குழாய்க்குள் தள்ளுவதற்கு முன்னால் அங்கிருந்தவர் சொன்னார்: "உள்ள டம்மு டம்முன்னு சத்தம் கேக்கும். என்ன சத்தம் கேட்டாலும் அசையக் கூடாது சார்."

என் தொழிலில் நான் சொல்லிக்கொடுத்த அத்தனைக்கும் நேர் எதிர். உள்ளே சத்தம் ஆரம்பித்ததும் உடம்பெல்லாம் வேர்த்தது. ஓடு ஓடு என்று மனசு கத்துகிறது. இந்த முறை கால்கள் வேலை செய்கின்றன, ஓடக் கூடாது. ரப்பர் விரிப்பின் கிழிந்த ஓரம் கண்ணுக்குள் வந்து நின்றது. வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது. முத்துலட்சுமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

முடிவு வர ஒன்பது நாள் ஆனது. நோயின் பெயர் ஆன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். நம் உடம்பின் காவல் படையே ஆள் தெரியாமல் மூட்டுகளைத் தாக்குகிறது. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் இடத்தில் தொடங்கும். அழற்சி வந்து வந்து ஆறும்போது, அசைய வேண்டிய இடங்களில் எலும்பு வளர்ந்து ஒட்டிக்கொள்ளும். எல்லாம் ஒட்டிவிட்டால் முதுகு ஒரே தடியாகிவிடும். முழுதாகக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஆனால் பெரும்பாலும் கட்டுக்குள் வைக்கலாம்.

"ஓட முடியுமா டாக்டர்?" என்று கேட்டேன். எனக்கு வேறெந்தக் கேள்வியும் இல்லை.

"தொடை மூட்டு இன்னும் கெடல. மாத்திரையும் பயிற்சியும் ஒழுங்கா இருந்தா ஓடலாம். படுத்தீங்கன்னா சொல்ல முடியாது."

முத்துலட்சுமி அப்போதுதான் அழுதாள். "நாந்தான் படுக்க வச்சேன்" என்றாள். அவளைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை. எனக்கும் யார் மீதாவது கோபப்பட வேண்டும்போல இருந்தது. பஸ்ஸில் அவளோடு பேசாமல் வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் இலவம்பஞ்சு மெத்தை பரணுக்குப் போனது. கட்டாந்தரையில் பாய், தலைக்கு மடித்த துண்டு. விடிவதற்கு முன்னால் எழுப்புவாள். "இன்னும் அஞ்சு நிமிசம்" என்றால் போர்வையை உருவிவிடுவாள். பத்து நாள் என்னை இட்லி ஊட்டித் திருப்பிப் போட்ட அதே கை. சுடுதண்ணீரில் குளியல், பிறகு இருபது நிமிடம் குப்புறப் படுத்திருப்பது, முதுகை வளைப்பது, திருப்புவது, நெஞ்சு விரிய மூச்சிழுப்பது. சில காலைகளில் வலியில் அவளைத் திட்டியிருக்கிறேன். "திட்டிக்கிட்டே குனிங்க" என்பாள். சுவரில் என்னை நிறுத்தி, பின்னந்தலைக்கும் சுவருக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காரியாபட்டியில் அவள் அப்பாவின் கிணற்றில் நீச்சல். தண்ணீரிலும் எனக்குப் பயம். இடுப்பில் கயிற்றைக் கட்டி, ஒரு முனையை மாமனார் பிடித்துக்கொள்வார்.

சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கொரு வைத்தியம். அரிசி, கிழங்கு எல்லாவற்றையும் விட்டால் நோயே போய்விடும் என்று ஒருவர் சொன்னதை நம்பி ஒரு மாதம் இருந்தேன். வேட்டி நழுவியதுதான் மிச்சம். டாக்டரம்மா திட்டினார். எந்தச் சாப்பாடும் இதைக் குணமாக்காது, எடை ஏறாமல், எலும்புக்குச் சத்தாகச் சாப்பிட்டால் போதும் என்றார். முருங்கைக்கீரை, மீன், மோர், குறைவாகச் சோறு என்று ஒரு வழிக்கு வந்தோம். எங்கள் ஊர் எண்ணெய்ப் புரோட்டாவை விட்டதுதான் பெரிய துக்கம். இப்போதும் சாயங்காலம் கடை வழியே போனால் நடையை எட்டிப் போடுகிறேன். சித்த வைத்தியரின் தைலத்தைத் தேய்த்துக்கொள்ள டாக்டரம்மா தடை சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தக் கூடாது, கழுத்தை யாரும் சொடுக்கக் கூடாது என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டார். மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு நாள் போட்டுவிட்டு நான் பட்ட பாடு தனிக் கதை.

எட்டு மாதத்தில் பின்னந்தலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல்தான் போனது. வாசலிலிருந்து தெருமுனை வரை ஓடிப் பார்த்தேன். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு காலும் தரையை விட்டு எழும்பின.

திரும்ப வேலைக்குப் போன முதல் நாள், மருந்தைத் தொடுவதற்கு முன்னால் அந்த மூன்று பெண்களிடமும் சொன்னேன். அன்றைக்கு நான் தைரியத்தில் நிற்கவில்லை, என்னால் ஓட முடியவில்லை.

பரிதாபப்படுவார்கள் என்று நினைத்திருந்தேன். சண்முகத்தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு மாசம்" என்றாள். "அதுக்குப் பெறகும் ரெண்டு மாசம் தட்ட ஏந்திக்கிட்டு என் வாசல்ல வந்து நின்னீகளே. எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைக இருக்குன்னு தெரியாதா ஒங்களுக்கு?"

ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் காலை, மருந்து கலக்கப் போன என்னை வழிமறித்தாள். "மொதல்ல ஓடுங்க. ரூம்பு வாசல்ல இருந்து வேப்பமரம் வரைக்கும். அஞ்சு எண்ணுறதுக்குள்ள மரத்தத் தொட்டா உள்ள வாங்க. இல்லன்னா வேண்டாம்."

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். தினமும் காலையில் அவள் எண்ணுவாள், நான் ஓடுவேன். மற்றவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். நாலுக்குள் தொட்டுவிட்டால் அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் நிற்காது. முதலாளியிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்துக்குள் நான் மரத்தைத் தொடாத நாளில் அடுத்த ரூம் வரிசையின் போர்மேன் வந்து கலக்கட்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார்.

போன வாரம், மழை பிடிப்பதற்கு முந்தின நாள். ஈரக்காற்று. வேனிலிருந்து இறங்கும்போதே இடுப்பு சரியில்லை என்று தெரிந்தது. ஓடினேன். மரத்தைத் தொடும்போது அவள் ஆறு சொல்லிவிட்டாள்.

"அஞ்சுன்னு வச்சுக்கயேன் தாயி" என்றேன்.

"ஆறு" என்றாள். என் கையிலிருந்த காலித் தட்டை வாங்கிக்கொண்டாள். "இன்னைக்கு வெளிய இருங்க அண்ணாச்சி."

இத்தனை பேருக்கு முன்னால் அவமானமாகத்தான் இருந்தது. நோய் திரும்பவும் ஏறுகிறதோ என்று பயமாகவும் இருந்தது. அந்தப் பயம் போகவே போகாது, அதோடுதான் இருக்கப்போகிறேன். மரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

"உக்காராதீக" என்று ரூமுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

எழுந்து மரத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அவளுடைய வாசல் கண்ணில் பட்டது. குறுக்கே யாரும் நிற்கவில்லை.